ஐஎஃப்காம்ப் போட்டிக்கு மதிப்பெண் இட்டுவரும் அனுபவம்

உரைவழிச் சாகச விளையாட்டுகளுக்கும், வாசகர் தரும் கட்டளைக்கோ தேர்வுக்கோ ஏற்பக் கதை நகரும் ஊடாட்டப் புனைவுகளுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஐஎஃப்காம்ப் போட்டியில் நான் பல ஆண்டுகளாக மதிப்பெண் இட்டு வருகிறேன். 1995-இல் கெவின் வில்சன் இதைத் தொடங்கியபோது, இன்ஃபார்ம், டாட்ஸ் என்னும் இரு நிரல்மொழிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்து, மொத்தம் 12 படைப்புகளே வந்தன. இங்கே தேர்ந்தெடுத்த நடுவர் குழு என ஒன்று கிடையாது. குறைந்தது ஐந்து படைப்புகளுக்காவது 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டால் பொது வாசகரின் தீர்ப்பும் கணக்கில் சேரும்.

இந்தப் போட்டியின் உயிர்நாடி இரண்டு மணி நேர விதி என்பது என் உறுதியான கருத்து. படைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும், முதல் இரண்டு மணி நேரத்தில் கண்டதை வைத்தே மதிப்பெண் இட வேண்டும். அதன் பிறகு விருப்பம்போல் தொடர்ந்து ஆடலாம், ஆனால் இட்ட மதிப்பெண்ணை மாற்றக் கூடாது. வாசகரின் வசதிக்கான ஏற்பாடு போலத் தோன்றும் இவ்விதி, சிறுகதைக்கு நிகரான ஒரு வடிவத்தையே வளர்த்தெடுத்திருக்கிறது. 1998-இல் வென்ற ஆடம் கேட்ரேயின் ‘ஃபோட்டோபியா’ புதிர்களை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, ஒரே அமர்வில் முடியும் கதையாக அமைந்தது. அதே ஆண்டு வெளிவந்த மைக்கேல் ஜென்ட்ரியின் ‘ஆங்கர்ஹெட்’ பல நாட்கள் ஆட வேண்டிய பெரும்படைப்பு. அது போட்டிக்கு வெளியேதான் வந்தது. நீண்ட படைப்புகளுக்கு இவ்விதி பாதகமானது என்ற மனக்குறை நியாயமானதே என்றாலும், அதைத் தளர்த்தினால் சிறு படைப்புகள் மீது விழும் கவனம் சிதறிவிடும் என்றே நினைக்கிறேன்.

கட்டளையைத் தட்டச்சு செய்து ஆடும் பார்சர் வகைப் படைப்புகளில்தான் அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை தெரியும். ஒரு படைப்பில் நாற்காலியின் மேல் ஏறி அலமாரியின் உச்சியை எட்ட வேண்டியிருந்தது. ‘க்ளைம்ப் சேர்’ என்றேன். அதில் பயனில்லை என்று பதில் வந்தது. ‘கெட் ஆன் சேர்’ என்றேன். அதுவும் புரியவில்லை என்றது. ‘ஸ்டாண்ட் ஆன் சேர்’ என்ற ஒன்றை மட்டுமே அது ஏற்றுக்கொண்டது. செய்ய வேண்டியது தெரிந்தும் அதற்குரிய வினைச்சொல்லைத் தேடி அலைவது, ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றுத் தேறியவர்களுக்கு இரட்டைச் சுமை. அதனால் இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கியதும் ‘டிரான்ஸ்கிரிப்ட்’ என்று தட்டச்சு செய்து முழு ஆட்டத்தையும் பதிவு செய்து, முடிவில் ஆசிரியருக்கு அனுப்பிவிடுகிறேன். போட்டி நடக்கும்போதே படைப்பைத் திருத்திப் பதிவேற்ற விதிகள் இடம் தருகின்றன. நான் தடுக்கி நின்ற இடத்தை அடுத்த வாசகர் எளிதாகக் கடக்க முடியும்.

ட்வைன் போன்ற கருவிகளால் எழுதப்படும், இணைப்பைச் சொடுக்கி ஆடும் படைப்புகளில் இந்தத் தடை இல்லை. நிரல் அறியாத பலர் எழுத வந்ததற்கு அந்தக் கருவிகளே காரணம். ‘இது விளையாட்டே அல்ல’ என்று அவற்றைத் தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சொடுக்கும் வேகத்தில் வாசிப்பு மேலோட்டமாகிவிடும் ஆபத்து உண்டு என்பதால், இவற்றை நான் வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கிறேன்.

அண்மை ஆண்டுகளில் பல பத்துப் படைப்புகள் வருவதால், அனைத்தையும் ஆட எவருக்கும் நேரம் இருக்காது. வரிசையைக் குலுக்கிக் கலைத்துத் தரும் வசதியைப் பயன்படுத்துங்கள். அகரவரிசையில் பின்தங்கியவற்றுக்கும் அப்போதுதான் வாசகர் கிடைப்பார்கள். முடிவுகள் வந்ததும் முதலிடத்தோடு நின்றுவிடாமல், மதிப்பெண்கள் மிக அதிகமாகச் சிதறிய படைப்புக்குத் தரப்படும் ‘கோல்டன் பனானா ஆஃப் டிஸ்கார்ட்’ யாருக்கு என்றும் பாருங்கள். பாதிப் பேர் கொண்டாடிப் பாதிப் பேர் வெறுத்த அந்தப் படைப்பைத்தான் ஒவ்வோர் ஆண்டும் நான் இரண்டு மணி நேரக் கெடு இல்லாமல் மீண்டும் ஆடிப் பார்க்கிறேன்.