சின்னஞ்சிறு எண்கள்: பூஜ்ஜியங்களா, பத்தின் அடுக்கா, நானோவா?

நீல ஒளியின் அலைநீளம் ஒன்றை 0.00000045 மீட்டர் என்றும் எழுதலாம், 4.5 × 10⁻⁷ மீட்டர் என்றும் எழுதலாம், 450 நானோமீட்டர் என்றும் எழுதலாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக நான் எழுதும் இயற்பியல் கணக்குக் குறிப்புகளில் நடுவில் உள்ளதை, அதாவது அறிவியல் குறியீட்டை, நிரந்தரமாக்கிவிட்டேன்.

முழுத் தசமத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில் அப்படி எழுதினால் புள்ளிக்குப் பிறகு 30 பூஜ்ஜியங்கள் வரும். ஒன்று விட்டுப்போனாலும் விடை பத்து மடங்கு மாறிவிடும். கூட்டலுக்கு மட்டும் அது வசதி: 0.000032, 0.000004 இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டிவிடலாம். அறிவியல் குறியீட்டில் முதலில் 4 × 10⁻⁶-ஐ 0.4 × 10⁻⁵ ஆக்கி அடுக்கைச் சமமாக்க வேண்டும்.

உண்மையான போட்டி நானோ (10⁻⁹), மைக்ரோ (10⁻⁶) போன்று அலகுக்கு முன்னால் ஒட்டும் முன்னொட்டுகளோடுதான். பேச்சுக்கு அவைதான் இலகு. மின்தேக்கி வாங்கப் போகிறவர் "100 நானோஃபாராட்" என்றுதான் கேட்பார், பத்தின் அடுக்கைச் சொல்ல மாட்டார். எலக்ட்ரானிக்ஸ் வேலையில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்தத் துறைக்காரர்கள் முன்னொட்டே போதும் என்றால் மறுக்க மாட்டேன்.

ஆனால் பெருக்கல், வகுத்தல் என்று வந்தால் அறிவியல் குறியீடு தனி. அதே நீல ஒளியின் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வோம்: பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி, அலைநீளத்தால் வகுக்க வேண்டும். பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴, ஒளியின் வேகம் 3 × 10⁸, அலைநீளம் 4.5 × 10⁻⁷. முன் எண்களைத் தனியாகப் போட்டால் 4.417. அடுக்குகளைத் தனியாகப் போட்டால் (வகுப்பதால் −7 இங்கே +7 ஆகும்) −34 + 8 + 7 = −19. விடை 4.417 × 10⁻¹⁹ ஜூல். அடுக்குக் கணக்கை மனத்திலேயே சரிபார்க்கலாம். விடை 10⁻³³ என்று வந்தால் எங்கோ குறி தவறியது என்று உடனே தெரிந்துவிடும். முன்னொட்டில் இது நடக்காது. 2022-இல் சேர்க்கப்பட்ட குவெக்டோ, அதாவது 10⁻³⁰, இருப்பதிலேயே சிறியது. அதில் எழுதினாலும் பிளாங்க் மாறிலி 0.00066 என்றுதான் வரும். விரட்டிய பூஜ்ஜியங்கள் திரும்பி வந்துவிடும்.

தமிழ்நாட்டு இயற்பியல் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். 4.5 × 10⁻⁷-இன் மடக்கைக்கு, 4.5-க்கு அட்டவணையில் 0.6532, முழு எண் பகுதியான −7 அடுக்கிலேயே தயாராக இருக்கிறது. பூஜ்ஜியம் எண்ணும் வேலை இல்லை.

முக்கிய எண்ணுருக்களை, அதாவது அளவீட்டில் உண்மையாகவே அளந்து பெற்ற இலக்கங்களை, காட்ட அறிவியல் குறியீடுதான் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். சிறிய எண்களுக்கு அது பாதிதான் சரி. 0.000000450 என்று தசமத்தில் எழுதினாலும் கடைசிப் பூஜ்ஜியம் அளந்து பெற்றது என்று புரியும். 450 நானோமீட்டரில்தான் குழப்பம்: அந்தப் பூஜ்ஜியம் அளந்ததா, இடத்தை நிரப்ப வந்ததா? 4.5, 4.50 என்று பிரித்து எழுதினால் சந்தேகமே இல்லை.

வினாத்தாளில் நானோமீட்டரில் கொடுத்தால் என்ன செய்வது? 450 × 10⁻⁹ என்று ஒரு வரி, 4.5 × 10⁻⁷ என்று அடுத்த வரி. இந்த இரண்டு வரியையும் தாவாமல் எழுதச் சொல்கிறேன். முன் எண் நூறில் ஒரு பங்காகும்போது அடுக்கு −9-இலிருந்து −7-க்கு ஏற வேண்டும். அவசரத்தில் −11 என்று இறக்கிவிடுகிறவர்கள் நிறைய.