சிமுலேட்டரிலிருந்து வீட்டுக்கு: மூன்று தலைமுறைப் பழைய புரொஜெக்டர்களில் எதை வாங்கலாம்?

விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் சிமுலேட்டர்களைப் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் புரொஜெக்டர்கள், புதிதாக இருந்த காலத்தில் நடுத்தரக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத விலைக்கு விற்றவை. அவை பழைய சாமான் விலைக்குக் கைமாறும்போது, வீட்டில் ஓர் அறையைத் திரையரங்காக்க விரும்புபவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அவை எல்லாம் ஒரே வகைப் பொருள் அல்ல. மூன்று பிக்சர் ட்யூப் கொண்ட சிஆர்டி, சில்லின் மேல் உள்ள திரவப் படிகத்தில் விளக்கொளியைப் பிரதிபலித்துப் படம் காட்டும் எல்சிஓஎஸ், சில்லில் உள்ள நுண்ணிய கண்ணாடிகளால் எல்இடி ஒளியைத் திருப்பும் டிஎல்பி என மூன்று தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வேலையைச் செய்திருக்கின்றன. சென்னையின் சராசரி அடுக்குமாடி வீட்டுக்கு மூன்றாவது வகை மட்டுமே பொருந்தும் என்பதும், முதல் வகை நேரமும் பொறுமையும் இருட்டான தனி அறையும் உள்ள சிலருக்கு மட்டும் ஈடிணையற்றது என்பதும், நடு வகையை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும் என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்றுக்கும் பொதுவான சிக்கல்களைப் பார்த்துவிடலாம். சிமுலேட்டரில் படம் தட்டையான திரையில் விழுவதில்லை. வளைந்த திரையில் மூன்று அல்லது ஐந்து புரொஜெக்டர்களின் படங்கள் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே காட்சியாக இணைகின்றன. ஆகவே லென்ஸ் பெரும்பாலும் அந்த வளைவுக்கும் அந்தக் குறிப்பிட்ட தூரத்துக்கும் ஏற்றதாகவே இருக்கும். அதையே நம் வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பினால், நடுவில் கூர்மையாக இருக்கும் படம் மூலைகளில் மங்கிப்போகலாம். லென்ஸை மாற்ற முடியுமா, மாற்று லென்ஸ் கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுப்பது சரியல்ல.

அடுத்தது நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு. சிமுலேட்டருக்குப் படம் அனுப்புவது அதற்கென்றே உள்ள கணினி என்பதால், இந்தக் கருவிகளில் பலவற்றில் அந்தப் பூட்டை ஏற்கும் எச்டிசிபி வசதி இருப்பதில்லை. டிவிஐ இணைப்பு இருக்கிறதே, ஒரு மாற்றி போட்டு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிவிடலாம் என்று நினைத்தால், செட்டாப் பாக்ஸும் ஓடிடி ஸ்டிக்கும் கறுப்புத் திரையைத்தான் காட்டும். சிஆர்டி வகையில் ஐந்து பிஎன்சி (திருகிப் பூட்டும் வட்ட இணைப்பு) முனைகள் வழியாக அனலாக் சிக்னல்தான் உள்ளே போகும் என்பதால், எச்டிஎம்ஐயை அனலாக்காக மாற்றும் பெட்டி ஒன்றும் வேண்டும்.

இனி சிஆர்டி. பெல்ஜியத்தின் பார்கோ, கனடாவின் எலக்ட்ரோஹோம், ஜப்பானின் சோனி ஆகிய நிறுவனங்களின் மூன்று ட்யூப் புரொஜெக்டர்கள் ஒரு காலத்தில் இந்தத் தொழில்நுட்பத்தின் உச்சம். எலக்ட்ரோஹோமின் புரொஜெக்டர் பிரிவை 1999-இல் கிறிஸ்டி நிறுவனம் வாங்கியது. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒரு ட்யூப். ஏழு, எட்டு, ஒன்பது அங்குல அளவுகளில் வந்தவற்றில் ஒன்பது அங்குலமே மேலானது. சிமுலேட்டர்களுக்கென வந்த சில வகைகளுக்கு ஓர் அரிய திறமை இருந்தது. படத்தை வரிவரியாக வரைந்து முடித்ததும், எலக்ட்ரான் கற்றை ஓடுபாதை விளக்குகள் இருக்கும் இடங்களுக்கு நேராகச் சென்று நின்று, ஒவ்வொரு விளக்கையும் தனித்தனிப் புள்ளியாக எரியவிடும். மீனம்பாக்கத்தின் 07 ஓடுபாதையை இரவில் நெருங்கும் விமானிக்குத் தெரியும் விளக்கு வரிசையை, பிக்சல் படிக்கட்டுகள் இல்லாமல் அப்படியே காட்ட அன்று இருந்த வழி அதுதான். வருத்தம் என்னவென்றால், அந்தக் கருவியின் விலையை ஏற்றிய இந்தத் திறமை வீட்டில் பயன்படாது. திரைப்படமோ கிரிக்கெட்டோ தரும் சிக்னலில் அப்படிப்பட்ட தனி விளக்குப் புள்ளிகள் என்று எதுவும் இல்லை.

பயன்படுவது அதன் கறுப்பு. கற்றை நின்றால் ஒளியும் நிற்கும் என்பதால், இருட்டான காட்சியில் திரை உண்மையாகவே இருண்டுபோகும். அசைவும் அப்படித்தான்: ஒவ்வொரு சட்டமும் ஒரு கணம் மின்னி அணைவதால், வேகமாக நகரும் பொருளின் ஓரம் இழுபடுவதில்லை. நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்தை 72 ஹெர்ட்ஸில் ஓட்டி, ஒவ்வொரு சட்டத்தையும் மும்முறை காட்டினால் அசைவு சீராக வரும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு வேறெதிலும் மனம் நிறையாது என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன்.

ஆனால் வெளிச்சக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள சிஆர்டி ஒன்று முழு வெள்ளைத் திரைக்குத் தருவது ஏறக்குறைய 200 லூமென் (புரொஜெக்டர் வீசும் மொத்த ஒளியின் அளவு). அகலத்திரை விகிதத்தில் 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். சாதாரண வெள்ளைத் திரையில் அந்த ஒளி 23 நிட் (திரையின் பிரகாச அளவு) ஆகும். திரையரங்குகளுக்கான நியமம் 48 நிட். உயர்தர விமானச் சிமுலேட்டர்களுக்கு அமெரிக்க விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அளவே 20 நிட் என்பதால், அங்கே இது போதுமானதாக இருந்தது. வீட்டில் 80 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் 36 நிட் கிடைக்கும். சுவர்கள் அடர் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூடத்தில் சுவர்களும் மேற்கூரையும் ஒளியைத் திரைக்கே திருப்பி அனுப்புவதால், அந்த அருமையான கறுப்பு சாம்பலாகிவிடும்.

ட்யூப்பின் தேய்மானத்தையும் அருகில் பார்க்க வேண்டும். முழு விமானச் சிமுலேட்டர்கள் நாளுக்கு 20 மணி நேரம் வரைகூட ஓடுபவை. அந்த வேகத்தில் ஒரே ஆண்டில் ஏழாயிரம் மணி நேரம் கடந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, லென்ஸைக் கழற்றச் சொல்லி, டார்ச் ஒளியைச் சாய்வாக ட்யூப்பின் முகத்தில் அடித்துப் பாருங்கள். எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் சற்றுக் கருமையான, பக்கங்கள் கோணிய நாற்கரம் ஒன்று தெரிந்தால், அது வளைந்த திரைக்காகத் திரித்து வரையப்பட்ட பழைய படத்தின் தழும்பு. உங்கள் அகலத்திரைப் படம் அந்த எல்லையைத் தாண்டி விழும்போது, தேய்ந்த பகுதியும் தேயாத பகுதியும் இரு வேறு நிறங்களாகத் தெரியும். அதே டார்ச்சில் இன்னொன்றும் தெரிய வாய்ப்புண்டு. ட்யூப்புக்கும் முன்கண்ணாடிக்கும் இடையே உள்ள குளிர்விப்புத் திரவத்தில் பஞ்சுத் துணுக்குகள் போல மிதக்கும் பூஞ்சை. திரவத்தை வடித்து, கண்ணாடியைத் துடைத்து, புதிதாக நிரப்பினால் அது சரியாகும். தழும்பு சரியாகாது.

மூன்று நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் கன்வர்ஜென்ஸ் வேலைக்குக் கட்டம் போட்ட சோதனைப் படத்தை வைத்துக்கொண்டு மூலை மூலையாக நகர வேண்டும். கருவி சூடாகும் வரை காத்திருக்காமல் தொடங்கினால், செய்த வேலை எல்லாம் நிலைகுலைந்துபோகும். உள்ளே முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. மின்சாரத்தை அணைத்த பிறகும் அது தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் ட்யூப் டிவிகளைப் பழுதுபார்த்த கைகள் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் துணையில்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

எடையும் சாதாரணமானதல்ல. சோனியின் ஜி90 நூறு கிலோவுக்கும் மேல். ஒன்பது அங்குல வகைகளைக் குட்டியானையில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது எளிது. லிஃப்டில் ஏற்றி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய், பொறியாளரைக் கேட்காமல் கான்கிரீட் தளத்தில் தொங்கவிடுவது ஆபத்து. தரைத்தளத் தனி வீடும், தரையில் வைக்க இடமும் இருந்தால் இந்தக் கவலை குறையும். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் உப்புக்காற்றும் ஈரமும் உயர் அழுத்த மின்சுற்றுகளுக்கு எதிரி என்பதால், மழைக்காலத்தில் ஏசி ஓடும் மூடிய அறைதான் பாதுகாப்பு. கருவி 700 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தினமும் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 126 யூனிட் ஆகிறது. அது முழுவதும் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்குவதால் ஏசிக்கும் ஐந்தில் ஒரு டன் கூடுதல் சுமை. ஐந்நூறு யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளில் இந்த மின்கட்டண உயர்வு உறைக்கும்.

எல்சிஓஎஸ் வகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுணுக்கத்தில் குறை சொல்ல முடியாது: பார்கோவின் சிம் 10 போன்றவை 4096 × 2400 பிக்சல் கொண்டவை. ஆனால் நகரும் காட்சியில் படம் இழுபடும். விளக்குக்குத் தொடர்ந்து செலவு செய்ய வேண்டும். உற்பத்தி நின்றுபோன கருவிக்குச் சரியான விளக்கைத் தேடுவது அதைவிடத் துன்பம். செனான் விளக்காக இருந்தால், அது குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே அதிக அழுத்தத்தில் வாயு அடைபட்டிருப்பதால், முகத்தை முழுதும் மறைக்கும் காப்புக் கவசமின்றிக் கையாளுவது கண்ணுக்கு ஆபத்து. இதே தொழில்நுட்பத்தை வீட்டுக்கென்றே செய்த பழைய ஜேவிசி டி-ஐஎல்ஏ, சோனி எஸ்எக்ஸ்ஆர்டி கருவிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்போது, சிமுலேட்டர் வகையைத் தேடிப் போவதற்கு நியாயம் இல்லை.

எல்இடி வகையில் என் மதிப்பைப் பெற்றது, நார்வேயில் தொடங்கிப் பின்னர் பார்கோவின் கைக்கு வந்த புரொஜெக்ஷன்டிசைனின் எஃப்எல்35. இதன் 2560 × 1600 பிக்சல் தரும் பயனை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். நம் படங்களில் பெரும்பாலானவை 2.39 அகல விகிதத்தில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் வருபவை. அப்படிப்பட்ட படம் சாதாரண 1920 பிக்சல் புரொஜெக்டரில் சுமார் 803 வரிகளிலும், இதில் 1071 வரிகளிலும் விரிகிறது. மாற்றுவதற்கு விளக்கு இல்லை, நிறம் மெல்ல மாறும் தொல்லையும் குறைவு, தூக்குவதற்கு இரண்டு பேர் போதும். சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் மாறி மாறி எரியும் வேகம் அதிகம் என்பதால், ஒற்றைச் சில்லு டிஎல்பியில் சிலர் கண்ணுக்குத் தென்படும் வானவில் கீற்றுகளும் குறையும். 800 லூமென் மிச்சமிருந்தாலே 100 அங்குலத்தில் 90 நிட் கிடைத்துவிடும். கறுப்பு மட்டும் சிஆர்டி அளவுக்கு வராது. இருளில் தனியே அமர்ந்து பார்த்தால் அது சாம்பலாகத் தெரியும். வெள்ளைச் சுவர் உள்ள கூடத்திலோ எப்படியும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதாலேயே இதை முதலில் வைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முழு நுணுக்கத்துக்கு டூயல் லிங்க் (இரட்டிப்புத் தரவைக் கடத்தும்) டிவிஐ இணைப்பு உள்ள கணினி வேண்டும். மேலும் இந்தக் குடும்பத்தில் எஃப்எஸ்35 ஐஆர் என்பது இரவுப்பார்வைக் கருவி அணியும் விமானிகளுக்காக அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்து வீசுவது. வீட்டில் அந்தக் கதிருக்கு எந்தப் பயனும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒளி குழந்தைகள் உள்ள அறையில் தேவையும் இல்லை. ஆகவே பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்து அதைத் தவிர்க்கவும்.

புதிய லேசர் புரொஜெக்டரோடு வைத்துப் பார்த்தால், வாரன்டியும் எச்டிசிபியும் எளிய நிறுவலும் புதியதன் பக்கமே. குடும்பத்தில் எல்லோரும் ரிமோட்டை எடுத்து இயக்க வேண்டுமென்றால் புதியதையே வாங்குங்கள். கணினியை இணைத்துப் படம் பார்ப்பதில் சிரமம் காணாதவருக்கும், வீட்டிலேயே எக்ஸ்-பிளேன் என்ற விமானச் சிமுலேட்டர் மென்பொருளை ஓட்டிப் பழகுபவருக்கும், நியாயமான விலைக்கு வரும் எல்இடி கருவி நல்ல தேர்வு.

வெளிநாட்டு ஏலத் தளங்களில் குறைந்த விலையைப் பார்த்து உடனே பணம் கட்டிவிட வேண்டாம். பயன்படுத்திய மின்னணுக் கருவிகளை இறக்குமதி செய்ய, 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி தேவை. அது இல்லாமல் வரும் பெட்டி துறைமுகத்திலேயே தேங்கிவிடும். உள்நாட்டில் கழற்றப்பட்டவற்றைத் தேடுவதே வழி. வாங்கும்போது, ஓடிய மணிக்கணக்கைத் திரையில் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிஆர்டியாக இருந்தால் மூன்று நிறங்களையும் தனித்தனியே எரியவிட்டுப் பாருங்கள். லென்ஸ், ரிமோட், சர்வீஸ் கையேடு மூன்றும் கூடவே வருகின்றனவா என்று கேளுங்கள். கையேடு இல்லாத சிஆர்டியை எந்த மெக்கானிக்கும் விரும்பித் தொடமாட்டார்.