மேடையில் பேஸ் கிட்டாருக்கு நல்ல ஒலி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். தனியாக வாசிக்கும்போது கனமாகவும் தெளிவாகவும் கேட்ட கருவி, டிரம்ஸும் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்தவுடன் எங்கேயோ அமிழ்ந்துவிடுகிறது. அல்லது எந்தச் சுரம் என்றே பிரித்தறிய முடியாத உறுமலாகக் கூடம் முழுவதும் பரவிவிடுகிறது. சிறிய கூடங்கள், பெரிய அரங்குகள், திறந்தவெளி மேடைகள் ஆகிய எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே கருவித் தொகுப்புடன் பல ஆண்டுகள் வாசித்த பிறகு, இதற்குக் காரணம் பெரும்பாலும் கருவியிலோ அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்பிலோ இல்லை, தனியாகக் கேட்டு இனிக்கும் ஒலியையே மேடையிலும் எதிர்பார்ப்பதில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

என் தொகுப்பு எளிமையானது. ஃபெண்டர் நிறுவனம் 1951இல் அறிமுகப்படுத்தி, 1957இல் இரு துண்டுப் பிக்கப்புடன் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் உறுப்பு) மாற்றியமைத்த பிரிசிஷன் வடிவத்தைப் பின்பற்றிய, பேட்டரி தேவைப்படாத நான்கு கம்பிக் கருவி. எடை குறைந்த கிளாஸ்-டி ஆம்ப் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் மின்சுற்றால் ஒலியைப் பெருக்கும் வகை). தலா ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட இரண்டு கேபினெட்டுகள், அதாவது ஸ்பீக்கர் பெட்டிகள். காலடியில் மூன்று பெடல்கள்: மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர், உரத்த சுரங்களை அடக்கிச் சமன்செய்யும் கம்ப்ரஸர், ஆம்புக்கு முன்பே ஒலியின் தன்மையை அமைக்கும் பிரீஆம்ப். கடைசிப் பெடலில், ஒலியை நேராக அரங்கின் ஒலியமைப்புக்கு அனுப்பும் டி.ஐ. வெளியீடும் உண்டு. இடையில் வேறு பெடல்கள் வந்து போயிருக்கின்றன, நிலைத்தவை இவைதான்.

முதலில் ஒலியின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. விரலால் அழுத்தாத, திறந்த ஈ கம்பியின் (நான்கில் மிகத் தாழ்ந்தது) அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். பல சிறிய கூடங்களின் நீளமே அந்த அளவுதான் இருக்கும். அதே சமயம், அந்தச் சுரத்தை நாம் அடையாளம் காண்பது 41 ஹெர்ட்ஸை வைத்து மட்டும் அன்று. 82, 123, 165 என்று மேலே அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்களைக் கொண்டே காது அந்தச் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. அடிப்படை அதிர்வெண்ணே மங்கலாக இருந்தாலும் மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே குழுவுக்குள் பேஸ் கிட்டார் கேட்கவில்லை என்றால், கூட்ட வேண்டியது அடிமட்டத்தை அன்று. 400 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியைத்தான். அந்த நடுப்பகுதி தனியாகக் கேட்கும்போது சற்று மூக்கடைத்ததுபோல ஒலிக்கும். அதனால்தான் பலர் அதைக் குறைத்துவிட்டு, அடியையும் உச்சியையும் ஏற்றி வைக்கிறார்கள். வீட்டில் அழகாக இருக்கும் அந்த அமைப்பு, மேடையில் அடியைக் காலால் இயக்கும் பெரிய கிக் டிரம்மிடமும் உச்சியைச் சிம்பலிடமும் இழந்துவிடுகிறது.

இதனுடன் காதின் இயல்பும் சேர்கிறது. 1933இல் ஃப்ளெச்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைவுகள் காட்டியபடி, குறைந்த ஒலியளவில் நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை மிகக் குறைவாகவே உணர்கிறது. ஒலி கூடக்கூட அந்த இடைவெளி சுருங்குகிறது. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பேஸ் குமிழை ஏற்றத் தோன்றுவது இதனால்தான். அதே குமிழ் நிலையை வைத்துக்கொண்டு மேடையில் ஒலியைக் கூட்டினால், அடிமட்டம் வேண்டிய அளவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஆம்பின் எல்லாக் குமிழ்களையும் நடுநிலையில் வைத்து, குழுவின் ஒலியளவிலேயே வாசித்துக் கேட்ட பிறகுதான் எதையும் திருப்புவது என்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

செலவே இல்லாமல் எனக்கு மிகப் பெரிய பயன் தந்தது கேபினெட்டை வைக்கும் இடம். தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாத் திசைகளிலும் பரவுவதால், கேபினெட்டுக்குப் பின்னால் சென்ற ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால், திரும்பி வரும் அலை 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. 86 ஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலைநீளம் என்பதால், நேரடி அலையும் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. டி கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகப் பட்டை) வரும் எஃப் சுரம் 87 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரமும் அதன் அண்டைச் சுரங்களும் மட்டும் வலுவிழந்து கேட்பதற்கு விரலையோ கம்பியையோ குறை சொல்லிப் பயனில்லை. கேபினெட்டைச் சுவரை ஒட்டி நகர்த்தினால் இந்தப் பள்ளம் மேலே ஏறிப் பெரிதும் தணிந்துவிடுகிறது. சுவரின் துணையால் அடிமட்டம் கூடும். அதற்கேற்பப் பேஸ் குமிழைக் குறைத்துக்கொள்ளலாம், ஆம்புக்கும் சுமை குறையும். மூலையில் வைத்தால் இந்த ஏற்றம் இன்னும் அதிகம், ஆனால் சில சுரங்கள் மட்டும் எம்பி நிற்கும் தொல்லையும் அதிகம் என்பதால், வேறு இடமே இல்லாத மேடைகளில்தான் மூலையை ஏற்கிறேன்.

இரண்டு கேபினெட்டுகளையும் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்துவது அடுத்தது. நடு அதிர்வெண்களும் உயர் அதிர்வெண்களும் ஸ்பீக்கரின் நேர்முனையில்தான் தெளிவாக இருக்கும். தரையில் இருக்கும் ஒற்றைக் கேபினெட் அவற்றை நம் முழங்காலுக்குத்தான் அனுப்புகிறது. வாசிப்பவர் தன் ஒலி தெளிவாகக் கேட்கவில்லை என்று டிரெபிளை ஏற்றுகிறார். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் காதில் அது கம்பியைச் சுரண்டும் ஓசையாக விழுகிறது. மேல் கேபினெட் காதுக்கு நெருங்கியதும், ஒலியளவைக் கூட்டாமலே என்னால் என் வாசிப்பைத் தெளிவாகக் கேட்க முடிந்தது. உள்ளே வெற்றிடம் கொண்ட மரமேடைகளில் கேபினெட்டுக்கு அடியில் கனமான ஃபோம் தட்டு வைத்துப் பார்த்திருக்கிறேன். பெட்டியிலிருந்து பலகைக்கு நேரடியாக இறங்கும் அதிர்வை அது குறைக்கிறது. காற்றின் வழியே பலகையை அதிரவைக்கும் ஒலியை அது ஒன்றும் செய்வதில்லை. சுமந்துசெல்லும் அளவுக்குத் தகுதியானது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெடல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஹை-பாஸ் ஃபில்டரைத்தான் வைத்துக்கொள்வேன். 35 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நான்கு கம்பிக் கருவியில் இசை எதுவும் இல்லை. அங்கே இருப்பவை கை கம்பியில் மோதும் அதிர்ச்சி, மேடைப் பலகையின் நடுக்கம், பிக்கப்பின் மேல் கட்டைவிரல் இடிக்கும் ஓசை ஆகியவைதான். துளையுள்ள கேபினெட்டில் அந்தத் துளை அமைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஸ்பீக்கர் கூம்பு கட்டுப்பாடின்றி முன்னும் பின்னும் ஓடும். ஆம்பின் ஆற்றல் அதில் கரையும், காதில் விழும் பயனோ அற்பம். அந்தப் பகுதியை வெட்டிவிட்ட நாளிலிருந்து, அதே சிறிய கேபினெட்டுகள் கூடுதல் ஒலியளவிலும் திணறாமல் ஒலிக்கின்றன. எதிரொலி மிகுந்த கூடங்களில் நான் வெட்டும் இடத்தை 60 ஹெர்ட்ஸ் வரைகூட ஏற்றியிருக்கிறேன். அடிமட்டத்தைக் குறைத்ததால் பேஸ் கிட்டார் மெலிந்ததாக யாரும் சொல்லவில்லை. தெளிவாக இருந்தது என்றே குழுவினர் சொன்னார்கள்.

அரங்குக்குச் செல்லும் ஒலியைப் பொறுத்தவரை டி.ஐ. இணைப்பே உயிர்நாடி. பேட்டரி இல்லாத பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவிலான உள்ளீட்டு மின்மறுப்பு (சமிக்ஞைக்கு உள்ளீடு காட்டும் தடை) வேண்டும். நேராக மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் உச்சி மழுங்கி உயிரற்று ஒலிக்கும். டி.ஐ. பெட்டி அந்த மின்மறுப்பைச் சரிசெய்வதோடு, நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாதபடி சமநிலைச் சமிக்ஞையாகவும் மாற்றித் தருகிறது. ஆம்பிலேயே டி.ஐ. வெளியீடு இருந்தால் அதில் ஈக்யூவுக்கு (அடி, நடு, உச்சி அளவுகளை மாற்றும் குமிழ்கள்) முன், ஈக்யூவுக்குப் பின் என்று பெரும்பாலும் ஒரு சுவிட்ச் இருக்கும். நான் எப்போதும் முன் என்ற நிலையையே தேர்ந்தெடுக்கிறேன். மேடையில் என் காதுக்காக நான் செய்யும் மாற்றங்கள் அரங்கின் ஒலியைக் கலைக்கக் கூடாது. நிகழ்ச்சியின் நடுவே ஒரு குமிழைத் தொட்டாலும் ஒலிப்பொறியாளர் அதுவரை செய்த வேலை வீணாகிவிடும். என் ஒலியின் அடையாளமாக நான் கருதும் சிறிய கரகரப்பைப் பிரீஆம்ப் பெடலிலேயே அமைத்து, அங்கிருந்து ஒரு வழியை அரங்குக்கும் ஒரு வழியை என் ஆம்புக்கும் அனுப்புகிறேன். பெடலின் டி.ஐ. வேண்டாம், தன் பெட்டியைப் பயன்படுத்துகிறேன் என்று ஒலிப்பொறியாளர் சொன்னால் மறுப்பதில்லை. அவருக்குப் பழகிய பெட்டியில் அவர் வேகமாக நல்ல ஒலியை எட்டுவார். மின் இணைப்புகளின் வேறுபாட்டால் எழும் ஹம் இரைச்சலுக்குப் பெரும்பாலும் டி.ஐ. பெட்டியில் சமிக்ஞைக் கேபிளின் நிலத்தொடர்பை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் போதும். மின்கம்பியின் நிலத்தொடர்பு முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது, அது உயிருக்கே ஆபத்தானது.

நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனையான சவுண்ட் செக் நேரத்தில் பலரும் மென்மையாகத் தொட்டு வாசித்துவிட்டு, நிகழ்ச்சியில் இரு மடங்கு அழுத்தத்துடன் இறங்குகிறார்கள். அன்றைய பட்டியலில் மிக உரத்த பகுதியையும் மிக மென்மையான பகுதியையும் வாசித்துக் காட்டுவதே ஒலிப்பொறியாளருக்குச் செய்யும் உதவி. என் ஒலி சரியில்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, 200, 250 ஹெர்ட்ஸ் அளவில் கொஞ்சம் குழம்புகிறது என்று சொன்னால் அவர் உடனே அங்கே கை வைப்பார். கிக் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் அடியில் யார் இருப்பது என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும்: கிக் 60 ஹெர்ட்ஸில் அமர்ந்தால் நான் 90, 100 பக்கம் நகர்ந்துகொள்கிறேன், கிக் குறுகிய, துள்ளலான ஓசையாக இருந்தால் அடியை நான் எடுத்துக்கொள்கிறேன். காலியான கூடத்தில் கேட்டது அப்படியே நிலைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மக்கள் வந்து அமர்ந்ததும் உயர் அதிர்வெண்களை அவர்களின் உடலும் உடையும் உறிஞ்சிக்கொள்ளும். தாழ்ந்த அதிர்வெண்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே சவுண்ட் செக்கில் ஒரு துளி கூர்மையாகத் தோன்றும் ஒலிதான் நிகழ்ச்சியில் சரியாக அமைகிறது.

ஆம்பின் வாட் அளவைப் பற்றிய பேச்சு தேவைக்கு மேல் நடக்கிறது. ஆற்றலை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. பெரிய ஆம்புக்கு மாறுவதைவிட இரண்டாவது கேபினெட்டைச் சேர்ப்பதே எனக்குப் பயன்பட்டது. இரண்டு 8 ஓம் கேபினெட்டுகள் இணைந்து 4 ஓம் ஆவதால் ஆம்ப் கூடுதல் ஆற்றலைத் தருகிறது, காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிக்கிறது. ஆம்பின் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. போன்ற 300 வாட் வால்வு ஆம்பையும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியையும் சில மேடைகளில் வாசித்திருக்கிறேன். உரத்து வாசிக்கும்போது வால்வுகள் ஒலியை மெல்ல அழுத்தித் திரட்டும் விதம் இன்னும் என் மனத்தில் நிற்கிறது. ஆனால் அரங்கில் தயாராக இருந்தால் வாசிப்பதற்கு உரியது அது, ஒருவர் தூக்கிச் செல்வதற்கு உரியதன்று. கிளாஸ்-டி ஆம்பின் குறை வேறு: பழுதானால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டியிருக்கிறது, ஒரு உறுப்பை மட்டும் மாற்றிச் சரிசெய்ய இயலும் நிலை குறைவு. எனவே ஆம்ப் நின்றுவிட்டாலும் பிரீஆம்ப் பெடலிலிருந்து நேராக அரங்குக்கு வாசிக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

கம்பிகளில் நான், மேலே தட்டையான உலோக நாடா சுற்றிய தட்டைச் சுற்றுக் கம்பிகளுக்கு வந்து சேர்ந்தேன். அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியதும் அவ்வகையே. விரல் உரசும் ஓசை குறைவு, நடுப்பகுதி அடர்த்தி, நீண்ட ஆயுள் ஆகியவை அவற்றின் நிறைகள். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் முறையில் வாசிப்பவர்களுக்கு அவை ஒத்துவரா. கம்ப்ரஸரை 4:1 விகிதத்தில் (எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலும் 1 ஆகும்), உரத்த சுரங்களில் 3 முதல் 5 டெசிபல் வரை மட்டும் குறையும்படி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் விரலின் வேறுபாடுகள் மறைந்துபோகின்றன. வாசிக்காத கம்பிகளை இரு கைகளாலும் அடக்கி வைக்கும் பழக்கம் எந்தக் கம்ப்ரஸரும் தர முடியாத தெளிவைத் தருகிறது.

செவிப் பாதுகாப்பை யாரும் ஒதுக்கக் கூடாது. 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பானது என்று கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸின் அருகில் நிற்கும் பேஸ் கலைஞர் அந்த அளவை எளிதில் கடந்துவிடுவார். எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராகக் குறைக்கும் காதடைப்பான்களை நான் இப்போது எல்லா நிகழ்ச்சிகளிலும் அணிகிறேன். காதுக்குள் பொருத்தும் மானிட்டர்களையும் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். தெளிவில் குறை இல்லை. ஆனால் காதுத் துளையை அவை இறுக்கமாக மூடாவிட்டால் முதலில் மறைவது அடிமட்டம்தான், பாடும்போது தாடை அசைந்தாலே அந்த மூடல் தளர்கிறது. காதின் அளவுக்கு வார்த்துச் செய்தவையே பேஸ் கலைஞருக்கு ஏற்றவை. அப்படி இருந்தும் உடலில் படும் அதிர்வு இல்லாத வாசிப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. சிறிய கேபினெட் ஒன்றைக் குறைந்த ஒலியில் பின்னால் வைத்துக்கொண்ட பிறகே விரல்கள் தாளத்தோடு இயல்பாகப் பொருந்தின.

ஐந்து கம்பிக் கருவிக்கு மாறலாமா என்று இப்போது யோசித்துவருகிறேன். தாழ்ந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. என் ஃபில்டரை அதற்கேற்பக் கீழே இறக்க வேண்டும், 12 அங்குலக் கேபினெட்டுகள் அந்த அடியை முழுமையாகத் தரமாட்டா. சப்வூஃபர் உள்ள அரங்குகளில் அது கேட்கும், மற்ற இடங்களில் அதன் மேற்சுரங்களை நம்பித்தான் வாசிக்க வேண்டும். பெரும்பாலும் சிறிய கூடங்களிலேயே வாசிக்கும் வரை நான்கு கம்பிகளோடு தொடரலாம் என்றே இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன்.