குளிர்ச் செய்தி: யூடியூப் சனலா, திணைக்கள அறிக்கையா?

மார்கழியில் கிழக்கிலங்கையின் திருகோணமலைக்குக் குளிர் இரண்டு வழியில் வரும்.

முதல் வழி யூடியூப். ‘உறையப்போகிறது கிழக்கு!’ என்று சிவப்பில் தலைப்பு, பின்னணியில் எந்த நாட்டு மலையோ, அதன்மேல் வெள்ளைப் பனி. தண்ணீர் உறைய 0 பாகை வேண்டும். இங்கே ஜனவரி இரவில்கூட வழக்கமாக 24 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். ஆனாலும் காணொளி பார்த்த வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், சின்னப்பிள்ளைக்குக் காதுவரை தொப்பி. அப்புறம் வியர்க்குரு.

இரண்டாவது, வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை. கிழக்கு மாகாணத்தில் மழை, காற்று இத்தனை கிலோமீற்றர், அவ்வளவுதான். வாசித்தால் கொட்டாவி வரும். பகிர ஆளில்லை. ஆனால் கடலுக்குப் போகிறவருக்கு அந்தக் காற்று வரிதான் முக்கியம். வாடைக்காற்று எவ்வளவு பலமாக வீசும் என்பதைப் பனிமலைப் படம் சொல்லாது.

சனல்காரர் பயமுறுத்துவது எல்லாமே பொய் என்றும் தள்ள முடியாது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நேரம், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. உறைபனி இல்லை, விடாத மழையில் நனைந்த உடம்பில் குளிர்காற்று. சிக்கல் என்னவென்றால், ‘வரலாறு காணாத’ என்ற சொல்லைச் சும்மா தூறலுக்கே செலவழித்துவிட்டால், மாட்டைக் கொட்டிலுக்குள் கட்டவேண்டிய நாளில் யார் நம்புவார்?

என் தெரிவு அறிக்கைதான். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் மட்டும் சனலையும் கொஞ்சம் கேட்கலாம். அங்கே சில ஜனவரிக் காலையில் புல்மேல் உறைபனி உண்மையாகவே விழும்.