டாங் டெஸ்டருடன் நாலு வருஷம்

டாங் டெஸ்டர் என்றால், வயரைச் சுற்றி இடுக்கி மாதிரி மாட்டினால் அதில் எத்தனை ஆம்ப்ஸ் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர். வோல்ட்டும் ஓம்ஸும் அளக்க அதில் முனையில் பின் வைத்த இரண்டு புரோப் வயர்கள் இருக்கும். போன வாரம் என் டாங் டெஸ்டருக்குப் புது புரோப் வயர் வாங்கிப் போட்டேன். பழையது பின்னை ஒட்டி உள்ளுக்குள்ளேயே அறுந்துவிட்டது. வளைத்துப் பிடித்தால் வோல்ட் காட்டும், விட்டால் சைபர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சினன், "கரண்ட் பில் ஏறிக்கிட்டே போகுது மாமா. இப்ப விலையும் குறைஞ்சிருக்கு, நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த மீட்டர் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கீசர் போட்டால் பாத்ரூம் பக்கம் லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாடை வர ஆரம்பித்தது. பார்க்க வந்தவர் எலிமென்டை மாற்றச் சொன்னார். மாற்றுவதற்கு முன் ஒருமுறை அளந்துவிடலாம் என்று பிளக்கைக் கழற்றி எலிமென்டில் வைத்தேன். 26.4 ஓம்ஸ். 230-ஐ 230-ஆல் பெருக்கி 26.4-ஆல் வகுத்தால் 2000 வாட்ஸ். கீசர் மேல் எழுதியிருப்பதும் அதுதான். எலிமென்டில் கோளாறு இல்லை.

அப்புறம் கீசரை ஓடவிட்டே பார்த்தேன். பேஸ் வயரில் மட்டும் டாங்கை மாட்டினால் 8.2 ஆம்ப்ஸ். பாத்ரூம் பிளக்கில் 216 வோல்ட். அதே நேரத்தில் மெயின் போர்டில் 228. நடுவில் 12 வோல்ட்டைக் காணோம்! 12-ஐ 8.2-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை ஓம். போர்டிலிருந்து பாத்ரூமுக்கு 15 மீட்டர் இருக்கும், 2.5 ஸ்கொயர் காப்பர் வயர். போக வர 30 மீட்டருக்கும் சேர்த்துக் கால் ஓம் கூட வராது. அப்படியென்றால் மீதி ஒண்ணேகால் ஓம் ஏதோ ஒரு ஜாயின்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. 8.2 ஆம்ப்ஸ் அதன் வழியாகப் போகும்போது 80 வாட்ஸுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் சூடாகிறது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைவிட அதிகமான சூடு, சுவருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு லாஃப்டுக்குப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், நியூட்ரலை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடம் கருகி, டேப் உருகி வழிந்திருந்தது. ஆறின பிறகு அதே ஜாயின்ட்டை ஓம்ஸில் வைத்துப் பார்த்தேன். 0.6 காட்டியது. இந்த மீட்டரில் புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.4 காட்டும், ஆக ஜாயின்ட்டின் கணக்கு வெறும் 0.2 தான். ஓம்ஸில் வைத்தால் மீட்டர் விடும் மின்சாரம் ரொம்பச் சின்னது, அதற்கு அந்த ஜாயின்ட் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. லோடு ஏறினால்தான் அதன் குணம் தெரிகிறது. அன்றிலிருந்து நான் ஓம்ஸ் அளவை மட்டும் நம்புவதில்லை. ஓடும்போது வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் எடுத்து வகுத்துப் பார்ப்பேன்.

ராத்திரி எங்கள் தெருவில் வோல்டேஜ் 195-க்கு இறங்கும்போதும் இதே கணக்குதான். எலிமென்ட் அதே 26.4 ஓம்ஸ், ஆனால் கிடைப்பது 1440 வாட்ஸ்தான். தண்ணீர் சூடாக நேரம் ஆவதற்குக் காரணம் இதுதான் என்று அம்மாவுக்குப் புரியவைக்க முடிந்தது.

இவ்வளவு சொன்னவன் இப்போது கோபத்தையும் சொல்ல வேண்டும். சின்ன லோடு என்றால் இந்த மீட்டர் பொய் சொல்கிறது. நாலு வருஷமாகச் சொல்கிறது. ஒரு சீலிங் ஃபேன் வயரில் மாட்டினால் ஒரு தரம் 0.2, இன்னொரு தரம் 0.4. வயரைப் பத்து சுற்று சுற்றி மாட்டினால் 3.3 காட்டும், பத்தால் வகுத்து 0.33 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இதற்காகவே செய்துவைத்த எக்ஸ்டென்ஷன் வயரைத் தேடி எடுக்க வேண்டும். எல்இடி பல்பு, பிஎல்டிசி ஃபேன் (கரண்ட்டை மிச்சம் பிடிக்கும் புது மாதிரி மோட்டார் வைத்தது) என்றால் அதுவும் உதவாது. அவை கரண்ட்டை விட்டு விட்டு இழுக்கும். அப்படி இழுக்கும் கரண்ட்டையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இல்லை இது, அதனால் குறைத்துக் காட்டும். சரியான ஆம்ப்ஸே கிடைத்தாலும் தீராது. எங்கள் பிரிட்ஜ் 1.1 ஆம்ப்ஸ் இழுக்கிறது, 230-ஆல் பெருக்கினால் 253 வருகிறது. நண்பரிடம் வாங்கி வந்த பிளக் வாட் மீட்டரில் பார்த்தால் 150 வாட்ஸ். மோட்டார் உள்ள சாமானுக்குப் பவர் ஃபேக்டரையும், அதாவது வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி வருவதில் எத்தனை பங்கு நிஜமான வாட்ஸ் என்பதையும், சேர்த்துப் பெருக்க வேண்டும், அதை இந்த மீட்டரால் அளக்க முடியாது.

நியாயமாகப் பார்த்தால் இது மீட்டரின் குற்றம் இல்லை. 400 ஆம்ப்ஸ் வரை அளக்கச் செய்த சாமானிடம் பல்பின் கணக்கைக் கேட்பது தப்புதான். ஆனால் பெட்டியில் ஒரு வரி எழுதியிருக்கலாமே! வீட்டு உபயோகத்துக்கு என்று போட்டு விற்கிறார்கள். வீட்டில் முக்கால்வாசி சாமான் அரை ஆம்ப்ஸுக்குள்தான் ஓடுகிறது. வாங்கின முதல் மாதம் நோட்டுப் போட்டு ஃபேன், பல்பு, பிரிட்ஜ் எல்லாம் எழுதி, கூட்டிப் பார்த்து, பில்லோடு ஒத்துப்போகாமல் நான் உட்கார்ந்திருந்த ராத்திரிகளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அதனால் மச்சினனுக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். பில் ஏன் ஏறுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் போதும். பிரிட்ஜை ஒரு முழு நாள் அதில் ஓடவிட்டால் எத்தனை யூனிட் என்று அதுவே சொல்லிவிடும். "அப்ப உங்களோடதைக் குடுத்துடுங்க" என்றான். அது மட்டும் முடியாது. சனிக்கிழமை காலை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், உங்கள் கீசர் லைனில் எத்தனை வோல்ட் காணாமல் போகிறது என்று பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.