கேத்தலுக்கு வினாகிரி, விளக்குக்குப் புளி, துருக்கறைக்குத் தேசிக்காய்

குசினியில் இருக்கிற புளிப்பு எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, கிடைத்ததை எடுத்துத் தேய்ப்பதில்தான் பாதி உழைப்பு வீணாகிறது. வினாகிரியில் இருப்பது அசற்றிக் அமிலம், நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு. தேசிக்காய்ச் சாற்றில் சித்திரிக் அமிலம், 5 அல்லது 6 பங்கு. புளியில் தாத்தாரிக் அமிலம். மூன்றும் சுண்ணாம்பைக் கரைக்கும், ஆனால் மூன்றுக்கும் கைவந்த வேலை வேறு வேறு.

முதலில் போத்தலைப் பாருங்கள். கள்ளிலிருந்து எடுக்கிற தென்னை வினாகிரிக்கு நிறமும் மணமும் உண்டு. அதை அச்சாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவுக்கு நிறமில்லாத செயற்கை வினாகிரியே போதும்.

கேத்தலின் அடியில் ஏறுகிற வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடின வீடுகளில் சில வாரங்களிலேயே ஏறிவிடும். அரை லீற்றர் வினாகிரி, அரை லீற்றர் தண்ணீர் விட்டு, கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். குமிழ் எழும்பினால் வேலை நடக்கிறது. குமிழ் நின்ற பிறகும் பொருக்கு மிஞ்சியிருந்தால் அந்தப் புளிப்பு தீர்ந்துவிட்டது, ஊற்றிவிட்டுப் புதிதாக விட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கடைசியில் இரண்டு தரம் அலசி, ஒரு கேத்தல் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தேத்தண்ணியில் வினாகிரி மணக்கும்.

இதே வேலைக்குத் தேசிக்காய் கட்டுபடியாகாது. ஒரு காயில் 20 மில்லிலீற்றர் சாறு வந்தாலும் அதிலுள்ள அமிலம் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் அமிலம் வேண்டுமென்றால் ஒரு டசினுக்கு மேல் காய் பிழிய வேண்டும். தூளாக விற்கிற சித்திரிக் அமிலம் கிடைத்தால் ஒரு மேசைக்கரண்டி போதும், மணமும் இல்லை. கேத்தலைப் பொறுத்தவரை வினாகிரியை வெல்வது அது ஒன்றுதான்.

பித்தளைக் குத்துவிளக்கில் கதை மாறுகிறது. வினாகிரி வழிந்து ஓடிவிடும், புளி ஒட்டிக்கொண்டு நிற்கும். தேசிக்காயளவு பழப்புளியை அரைக் கோப்பை சுடுதண்ணீரில் கால் மணித்தியாலம் ஊற வைத்து, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துத் தும்பால் தேயுங்கள். அதற்கு முன் விளக்கின் எண்ணெயைச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டு எடுக்காவிட்டால் புளி உலோகத்தைத் தொடவே தொடாது. எவ்வளவு தேய்த்தும் கறுப்புப் போகவில்லை என்கிறவர்கள் அனேகமாக இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். பித்தளையை வினாகிரியில் மணிக்கணக்காக ஊறப் போட்டால் அதிலுள்ள நாகம் (துத்தநாகம்) கரைந்து செம்பு நிறம் தட்டும். புளியானாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். கழுவியவுடன் துணியால் ஈரத்தை ஒற்றி வெயிலில் வையுங்கள். உப்பும் புளிப்பும் மிஞ்சினால் இரண்டு நாளில் பச்சைக் களிம்பு பூக்கும், கடற்காற்றுப் படுகிற வீட்டில் இன்னும் கெதியாக.

துருக்கறைக்குத் தேசிக்காய்தான் முதல். சித்திரிக் அமிலம் இரும்பைப் பற்றிக் கரைசலுக்குள் இழுத்துவிடும், வினாகிரிக்கு அந்தப் பிடி இல்லை. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையில் காவி ஏறும். கறைமேல் உப்பைத் தூவி, தேசிக்காயைப் பிழிந்து, வெயிலில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். காய விடாமல் இடையில் இன்னும் கொஞ்சம் பிழிய வேண்டும். பிறகு அலசுங்கள். நிறத்துணி என்றால் முதலில் மடிப்பின் உட்பக்கம் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். காவிக்கு வெளுக்கும் திரவம் போட்டால் கறை இன்னும் ஊறிப் பிடித்துவிடும்.

மீன், இறால் வெட்டிய கைக்கும் பலகைக்கும் தேசிக்காயோ வினாகிரியோ, எதுவும் சரி. அந்த மணம் அமீன்கள் என்ற காரத்தன்மை உள்ள பொருட்களால் வருவது. புளிப்புப் பட்டதும் அவை உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். ஆனால் மணம் போனது கிருமி போனதற்கு அடையாளம் இல்லை. பலகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவத்தான் வேண்டும்.

கல்லடி, கல்முனைக் கரைப்பக்கத்து யன்னல் கண்ணாடியில் படிகிற மங்கல் பெரும்பாலும் கடலுப்பு. அதற்கு வெறும் தண்ணீரே போதும், வினாகிரியை வீணாக்க வேண்டாம். அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்குக்கும் புளிப்பு உதவாது. சவர்க்காரம், இல்லாவிட்டால் விறகுச் சாம்பல்.

வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்தால் நுரைக்கிற நுரையைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் வினாகிரியைச் செத்த தண்ணீராக்கிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சோடாவால் தேய்த்துக் கழுவி, பிறகு வினாகிரி போடுங்கள்.

சீமெந்துத் தரை, மாபிள், அலுமினியச் சட்டி மூன்றிலும் வினாகிரி பட வேண்டாம், அரித்துவிடும். கழிவறையில் வெளுக்கும் திரவமோ குளோரின் தூளோ போட்ட இடத்தில் வினாகிரி, தேசிக்காய், அமிலக் கழுவி எதையும் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். தவறிக் கலந்துவிட்டால் குனிந்து கழுவ நிற்காமல் கதவைத் திறந்து விட்டு வெளியே வாருங்கள். மணம் முழுதாக அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.