வான்கப்பலின் முதுகில் வெயில்: சிறந்த செல்லா, திரும்பும் உறையா?

சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய வான்கப்பலுக்குப் பகல் வெயிலே முழு எரிபொருள். எதிர்காற்றில் விசிறிகளை ஓட்டவும், இரவுக்கான பேட்டரியை நிரப்பவும் அதுவே போதியாக வேண்டும். அந்த உயரத்தில் மேகம் மறைப்பதில்லை. சூரியனுக்கு நேராகப் பிடித்த தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும், விண்வெளியின் 1,360 வாட்டை நெருங்கும் வெயில் விழும். ஆனால் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 7 சதவீதம்தான். அதனால் ஒரு கன மீட்டர் ஹீலியம் தூக்கக்கூடியது 75 கிராம் அளவே. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் உறையை, அதாவது ஹீலியத்தை அடைத்திருக்கும் பையை, சுமார் 13 கன மீட்டர் பெருக்க வேண்டும்.

முதல் வழி, உறையின் முதுகில் வெயிலை மின்சாரமாக்கும் சூரிய செல்களை நிலையாக ஒட்டுவது. 2011 ஜூலையில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிலிருந்து எழும்பிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் ஹேல்-டி வான்கப்பல், மெல்லிய படல செல்களை இப்படித்தான் சுமந்தது. திட்டமிட்ட உயரத்தை எட்டுமுன்பே அது இறக்கப்பட்டது. மெல்லிய படலம் உறையோடு வளையும், எடையும் குறைவு. ஆனால் வெயிலை மின்சாரமாக்கும் திறன் குறைந்தது. வெயிலின் வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அடுக்குகளில் பிடிக்கும் கேலியம் ஆர்சனைடு செல்களின் திறன் 30 சதவீதத்தைத் தொடும், விலையோ மிக அதிகம். எந்தச் செல்லானாலும் மின்சாரமாக மாறாத வெயில் வெப்பமாகி, அடியிலுள்ள வாயுவைச் சூடாக்கி உறையின் அழுத்தத்தை ஏற்றும். இடையே வெப்பத்தடுப்புப் படலம் வைத்தால் அதற்கும் எடை உண்டு.

செல்லை எவ்வளவு மேம்படுத்தினாலும் சாய்வாக விழும் வெயிலின் இழப்பு தீராது. 40 பாகை வடக்கு அட்சரேகையில், டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 26.5 பாகைதான் எழும். கிடைமட்டத் தகட்டுக்கு நேர்வெயிலில் 45 சதவீதமே கிட்டும். கப்பல் மேற்குக் காற்றை எதிர்நோக்கி நிற்கும்போது சூரியன் பக்கவாட்டில் இருப்பதால், உறையைத் தெற்கே உருட்டினால் அந்த இழப்பு மீளும்; இதுவே இரண்டாவது வழி. தாலெஸ் அலெனியா நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோபஸ் வான்கப்பல் திட்டத்தில், உறையைச் சுற்றிய வளையம் ஒன்று, சுமைப்பெட்டி கீழேயே தொங்க, தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்ப இடமளித்தது. ஆனால் காலையிலும் மாலையிலும் சூரியன் முன்னோ பின்னோ சாயும்போது உருட்டலால் பயன் குறைவு. வளையமும் கூடுதல் சுமையே.

உறைக்குள் ஒளிகுவிப்பானை, அதாவது வெயிலைச் சிறு இடத்தில் குவிக்கும் கருவியை, வைக்கும் மூன்றாவது வழி, செல்களின் பரப்பைக் குறைக்கும். காற்று மெலிந்த இடத்தில் சில செல்களின் மேல் குவியும் வெப்பத்தை வெளியேற்றுவது கடினம் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலநடுக்கோட்டில் டிசம்பர் நண்பகலிலும் கிடைமட்டத் தகட்டுக்கு 92 சதவீதம் கிட்டுவதால், அங்கே வளையம் வீண் சுமை; அந்த எடையையும் பணத்தையும் நல்ல செல்லில் இடுவதே சரி. 40 பாகைக்கு அப்பால் நிலைமை வேறு. விசிறிக்கு வேண்டிய மின்திறன் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுவதால், மின்சாரம் இரட்டித்தாலும் வேகம் 26 சதவீதமே கூடும். பகல் குறுகி இரவு நீளும் குளிர்காலத்தில், செல்லின் திறனில் சில சதவீதம் கூட்டுவது அங்கே போதாது, உறை திரும்பியே ஆக வேண்டும்.